நாகம்மாள் மென்ற அரிசி

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களான ஒல்லாந்தர் கோட்டை கட்டி, வெடிமருந்து இடித்து, கப்பல் வந்தாலும் போனாலும் பீரங்கி போட்டுக்கொண்டிருந்த காலம். அந்தச் சத்தத்துக்கு ஏரியில் கொக்கெல்லாம் ஒன்றாக எழும்பும். கரையில் நாய்கள் குரைக்கும். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து கையால் இறால் பிடித்துக்கொண்டிருக்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் உடம்பு ஒருதரம் தூக்கிப்போடும். நாகம்மாளுக்கு மட்டும் போடாது. அவள் கை சேற்றுக்குள் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும். மற்றவர்கள் நெஞ்சில் கை வைத்து ஆசுவாசப்படுவதற்குள் அவளுடைய பறியில் இன்னும் சில இறால் விழுந்திருக்கும்.

பறி என்பது பனையோலைக் கூடை. கை இரண்டும் சேற்றுக்குள் இருப்பதால் கூடையைப் பிடிக்கக் கை கிடையாது. அதனால் அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். இறால் விரலில் பட்டதும் பின்பக்கமாகத் துள்ளும். துள்ளுவதற்கு முன்னால் அமுக்கிவிட வேண்டும். கை நடுங்கினால் கதை முடிந்தது. நண்டு வளைக்குள் கையை விடும்போது நடுங்கினால் விரலே முடிந்தது. நாகம்மாளுக்கு அப்படி ஒரு நிதானமான கை. ஆரம்பாக்கத்திலிருந்து பச்சைமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டு அந்தக் குப்பத்துக்கு வந்த நாளிலிருந்து, தண்ணீரில் அவளுக்கு மிஞ்சி ஆள் கிடையாது. ஒருமுறை வளைக்குள் நண்டுக்குப் பதில் தண்ணீர்ப்பாம்பு அகப்பட்டது. அதைத் தூர எறிந்துவிட்டு அடுத்த வளையைத் தேடப் போனவள் அவள். கோட்டைச் சமையலுக்கு மீன் வாங்க வரும் சந்தியாகு, கரையில் நேராக அவள் கூடையிடம்தான் வருவான். கால் ஒடியாத நண்டு அவளிடம்தான் கிடைக்கும் என்பான்.

இப்படி ராணி மாதிரி இருந்தவளின் வீட்டுக்குத்தான் கஸ்தூரி வந்து சேர்ந்தாள். பச்சைமுத்துவின் தம்பி தருமலிங்கத்துக்கு சுண்ணாம்புக்குளத்திலிருந்து கட்டிவந்த பெண். நாகம்மாளுக்கு ஓரகத்தி. பயந்தாங்கொள்ளி என்றால் அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி. பீரங்கி வெடித்தால் வாயைத் திறந்து பறியைக் கோட்டைவிடுவாள். பிடித்ததெல்லாம் மறுபடி ஏரிக்கே போகும். தண்ணீரில் இறங்கினால் நாகம்மாளை ஒட்டியே நிற்பாள். இவள் நகர்ந்தால் அவளும் நகர்வாள். அவ்வளவு பெரிய ஏரியில் நிற்க வேறு இடமில்லையா என்று நாகம்மாளுக்கு எரியும். தான் கண்டுபிடித்து வைத்திருக்கும் இடங்களைத் திருடத்தான் ஒட்டிக்கொண்டு திரிகிறாள் என்று முடிவுகட்டிக்கொண்டாள்.

கஸ்தூரி மற்றபடி நல்ல பெண். அதுதான் தொல்லை. கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இவள் எதற்கெடுத்தாலும் சிரிப்பாள், எல்லாரிடமும் ஒட்டிக்கொள்வாள். வந்த கொஞ்ச நாளில் இறால் பிடிக்கவும் தேறிவிட்டாள். ஒருநாள் சந்தியாகு கரைக்கு வந்து, நாகம்மாளின் கூடையைத் தாண்டி நடந்து, கஸ்தூரியின் கூடைக்கு முன்னால் உட்கார்ந்தான். அன்று அவளுக்கு நல்ல நண்டு கிடைத்திருந்தது, அவ்வளவுதான் விஷயம். நாகம்மாளுக்கு ஊர் பார்க்கக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அன்று அவள் சோறு தின்னவில்லை.

பிறகு கஸ்தூரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாகம்மாளுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வயிறு திறக்கவில்லை. பச்சைமுத்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினவன் இல்லை. ஆனால் தம்பி பிள்ளையைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு அவன் கரையோரம் நடக்கும் நடை இருக்கிறதே, அந்த நடையை நாகம்மாள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவளோடு நடக்கும்போது அவன் அப்படி நடந்ததில்லை. பொறாமை என்றால் பொறாமை, வயிற்றில் அடுப்பு வைத்த மாதிரிப் பொறாமை. குழந்தை 'ங்கா' என்று சொன்னால் இவளுக்கு உடம்பெல்லாம் பதறும். பீரங்கிக்கு அசையாதவள் ஒரு சிசுவின் சத்தத்துக்கு ஆடிப்போனாள்.

இதற்கு இன்று படித்தவர்கள் காரணம் சொல்கிறார்கள். நம் சிறுநீரகங்களின் தலையில் தொப்பி வைத்த மாதிரி இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. ஆபத்து என்று மூளை கூச்சல் போட்டால் அவை அட்ரினலின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் கொட்டும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், வாய் வறண்டுபோகும். ஓடு, இல்லாவிட்டால் மோது என்று உடம்பு தயாராகும். ஆபத்து போனதும் அது அடங்கிவிட வேண்டும். அடங்காமல் மனசிலேயே தங்கிவிட்டால், அதே சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற இன்னொன்றையும் விடாமல் ஊற்றிக்கொண்டே இருக்கும். அது தூக்கத்தைக் கெடுக்கும், வயிற்றைக் கெடுக்கும், பெண்களுக்கு மாதாமாதம் வர வேண்டியதைக்கூட நிறுத்திவைக்கும். எது ஆபத்து என்று அந்தச் சுரப்பிகளுக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்கிறோம். நாகம்மாள் தன்னுடையவற்றுக்குக் கஸ்தூரியின் சிரிப்பை ஆபத்து என்று காட்டியிருந்தாள்.

அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது, தின்றது செரிக்கவில்லை, தலை வாரினால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. இது மட்டும்தான் தெரியும். நாளும் தள்ளிப்போனது. ஒரு மாதம் போய் அடுத்ததும் வராதபோது அவள் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. வாந்தியும் அதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டாள். பச்சைமுத்துவிடம் சொன்னாள். அவன் திருப்பாலைவனம் வரை நடந்துபோய் மாங்காய் வாங்கிவந்தான். கஸ்தூரியிடம் வேண்டுமென்றே, எல்லார் முன்னாலும் சொன்னாள். கஸ்தூரி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அடுத்த வாரமே தண்ணீரில் நிற்கும்போது அடிவயிறு பிசைந்து, வராமலிருந்தது வந்துவிட்டது. கரையேறி வீட்டுக்குப் போனவள் மாங்காயை எடுத்து ஆட்டுக்குப் போட்டாள். பிள்ளை இல்லாத துக்கத்தைவிட, கஸ்தூரியிடம் சொல்லிவிட்டோமே என்ற அவமானம்தான் அவளை அரித்தது.

அந்தச் சமயம் பார்த்து ஏரிக்கரை அம்மனின் வெள்ளிக் கண்மலர் காணாமல் போனது. களிமண் சுவரும் ஓலைக்கூரையுமான சின்னக் கோயில். அம்மன் முகத்தில் கண்மலரை மெழுகு வைத்து ஒட்டியிருப்பார்கள். ஒரு காலையில் பார்த்தால் ஒரு கண்ணைக் காணோம். ஊர்ப் பெரியவர் வேதாசலம், பூசையும் அவர்தான் செய்வார், தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஒற்றைக் கண்ணோடு அம்மன் பார்த்தால் ஏரியில் ஏதாவது மிஞ்சுமா என்று ஊரே கலங்கியது.

வேதாசலம் பூவரச மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து நாகம்மாள் போனாள். "மாமா, நான் யாரையும் சொல்லல. ஆனா கோயில கூட்டிப் பெருக்கினது யாருன்னு பாருங்க" என்றாள்.

"நம்ம கஸ்தூரிதான் பெருக்கினா. அதுக்கு இன்னா இப்போ?"

"ஒண்ணுமில்ல மாமா. எல்லாரையும் அரிசி மெல்ல வச்சிடுங்க. சுத்தமா இருக்கிறவளுக்கு இன்னா பயம்?"

அரிசி மெல்ல வைப்பது அந்தக் கரையில் பழைய வழக்கம். சந்தேகத்துக்கு ஆளானவர்கள் அம்மன் முன்னால் உட்கார்ந்து ஒரு பிடி பச்சரிசியை மென்று இலையில் துப்ப வேண்டும். மாவாகக் குழைந்து விழுந்தால் சுத்தம். காய்ந்த நொய்யாக விழுந்தால் குற்றம் அவள்மேல். எச்சிலை நிறுத்துவது அம்மன் என்று நம்பினார்கள். அப்படிக் குற்றம் விழுந்தவள் அதற்குப் பிறகு ஏரியில் கால் வைக்கக் கூடாது. தண்ணீரை நம்பிப் பிழைக்கிற பெண்ணுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

கஸ்தூரி எடுத்திருப்பாள் என்று நாகம்மாள் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. அவளுக்கு வேண்டியது வேறு. பல்லி கத்தினால் பயப்படுகிறவள், ஊர் கூடிப் பார்த்தால் வாயில் ஈரம் இருக்குமா? கட்டாயம் காய்ந்துபோகும். ஏரியில் அப்புறம் தன்னை ஒட்டிக்கொண்டு நிற்க ஆள் இருக்காது. கரைக்கு வரும் சந்தியாகு பழையபடி நேராக வருவான். பச்சைமுத்து அந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தலைநிமிர்ந்து நடக்க முடியாது. நாகம்மாள் அன்று வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

அந்த வாரம் கோயிலுக்குள் போய்வந்த பெண்களை எல்லாம் காலையில் கூப்பிட்டு உட்கார வைத்தார் வேதாசலம். விளக்கு ஏற்றப் போயிருந்த நாகம்மாளும் வரிசையில் இருந்தாள். அவளுக்கென்ன, எடுக்காதவள், நடுங்காத கைக்காரி. பக்கத்தில் கஸ்தூரி முகம் வெளிறிப்போய், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு வெடித்திருப்பதை நாகம்மாள் கண்ணாரப் பார்த்தாள்.

கஸ்தூரியின் கையில் அரிசியைக் கொடுக்கும்போது குழந்தை அழ ஆரம்பித்தது. சிரித்த முகமாகக் கிடந்த பிள்ளை, அத்தனை கூட்டத்தைப் பார்த்து வீறிட்டது. "மாமா, இதுக்குப் பால் குடுத்துக்கினே மெல்லட்டுமா?" என்று கேட்டாள் கஸ்தூரி. பெரியவர் தலையாட்டினார். அவள் முந்தானையால் மூடிக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். அரிசியை வாயில் போட்டாள்.

நாகம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் நடுங்கிக்கொண்டிருந்த தோள் மெல்ல இறங்கியது. மூச்சு சீரானது. குழந்தை குடிக்கக் குடிக்க அவள் கண்கள் பாதி மூடி, கூட்டத்தையே மறந்துவிட்டவள் போல் மென்றாள். பால் கொடுக்கும் தாயின் உடம்பில் ஆக்ஸிடோசின் என்று ஒரு ஹார்மோன் சுரக்கும். பயத்தின் வேகத்தை அது பெரும்பாலும் தணித்துவிடும் என்கிறார்கள். அன்று அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்ததெல்லாம் கஸ்தூரி துப்பியது வெண்ணெய் மாதிரி விழுந்தது என்பதுதான். இலையில் விழுந்ததைப் பார்த்து, கூடியிருந்த பெண்களெல்லாம் பெருமூச்சு விட்டார்கள். தருமலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பச்சைமுத்து தம்பி தோளைத் தட்டிச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு நாகம்மாளைக் குத்தியது. இந்த இடத்திலும் இவள்தானா, இங்கேயும் இவளுக்கு ஒரு பிள்ளை வந்து கைகொடுக்கிறதா என்று நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. காது அடைத்தது. தன் கையில் அரிசி விழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை. வாயில் போட்டு மென்றாள். மென்றாள், மென்றாள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எச்சிலைக் கூட்டப் பார்த்தாள். கூட்ட ஒன்றும் இல்லை. துப்பியபோது உப்பளத்து மணல் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது.

நாகம்மாள் இலையைப் பார்த்தாள். "மாமா, நான் எடுக்கல. எனக்கு இன்னா ஆச்சுன்னு தெரியல" என்றாள். வேதாசலம் அவள் முகத்தைப் பார்க்காமல் இலையை மடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் பச்சைமுத்து கதவோரம் நின்றுகொண்டு கேட்டான். "எடுத்தியாமே?"

அவள் அவனைப் பார்த்தாள். "நீயே கேக்கிறியாய்யா?"

"நீ எடுக்கலன்னா உன் வாய் இன்னாத்துக்குக் காஞ்சுது?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் சொல்லக்கூடிய பதில் இல்லை. அதே கேள்வியை ஊரே கேட்டது. தண்ணீர் எடுக்கப் போனால் கேட்டார்கள், கேட்காமல் பார்த்தும் கேட்டார்கள். எல்லாரும் ஏரிக்குப் போன பிறகு அவள் ஒருத்தி கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டு, தான் நிற்க வேண்டிய இடத்தில் கஸ்தூரியின் தலை தெரிவதைப் பார்த்தபடி இருந்தாள். தினமும் கஸ்தூரி போகிற போக்கில் ஒரு கை இறாலை இவள் வாசலில் வைத்துவிட்டுப் போவாள். நாகம்மாள் அதைத் தொடாமல் பூனைக்கு விட்டாள். அந்தப் பூனை கொழுத்துப்போனதுதான் மிச்சம்.

மழைக்கு முன்னால் கோயில் கூரையைப் பிரித்து மாற்றினார்கள். ஓலைக்கும் சுவருக்கும் நடுவில் எலிவளை. அதற்குள் திரிநூல், தேங்காய்ச் சிரட்டைத் துண்டு, இவற்றோடு கண்மலர் கிடந்தது. அதில் ஒட்டியிருந்த மெழுகு முழுக்க எலி சுரண்டித் தின்ற பல்தடம். வேதாசலம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நேராக நாகம்மாள் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே ஊரும் வந்தது. "அம்மா, எங்கமேலதான் தப்பு. ஏரில எறங்கு" என்றார். பச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

அத்தோடு விட்டிருக்கலாம். கூட்டத்தில் ஒருத்தி விடவில்லை. "எல்லாம் சரி. எலி எடுத்ததுக்கு நாகம்மா வாய் இன்னாத்துக்குக் காஞ்சுது?"

நாகம்மாளின் நாக்கு மறுபடி ஒட்டிக்கொண்டது. எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அப்படிப் பார்த்திருந்தால் அவள் உண்மையைக் கொட்டியிருப்பாள்.

கஸ்தூரி முன்னால் வந்தாள். "இதுகூடவா தெரியல உங்களுக்கு? கோயில் பெருக்கினவ நானு. எம் மேல பழி வந்துடுமோன்னு அக்கா எனக்காக பயந்துகினு இருந்துச்சு. நான் மென்னு துப்பற வரைக்கும் எம் மூஞ்சியயே பாத்துகினு இருந்துச்சே, நீங்க யாரும் பாக்கலையா? அதுலதான் அதுக்கு வாய் காஞ்சுபோச்சு."

பார்த்திருந்தார்கள். எல்லாரும் பார்த்திருந்தார்கள். அடடா என்று தலையாட்டினார்கள். ஒருத்தி கண்ணீர் விட்டாள். அன்றிலிருந்து அந்தக் கரையில் எங்கே கல்யாணம் நடந்தாலும் புதுப்பெண்ணுக்கு, ஓரகத்தி என்றால் நாகம்மா மாதிரி இருக்கணும் என்று சொல்லி அனுப்பினார்கள். நாகம்மாள் பறிக்கயிற்றைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். வாயில் கயிறு இருந்தால் யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள் அல்லவா.

வருஷங்கள் ஓடின. கஸ்தூரியின் மகள் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஓரகத்திகள் இருவருக்கும் தலை நரைத்தது. கோட்டையில் கொடி அப்படியே பறந்தது, ஏரியில் கஸ்தூரியும் அப்படியே நாகம்மாளை ஒட்டி நின்றாள். ஒருநாள் பீரங்கி வெடித்தது. இத்தனை வயசுக்குப் பிறகும் கஸ்தூரி திடுக்கிட்டு நாகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாகம்மாளுக்கு என்ன தோன்றியதோ, வாயிலிருந்து கயிற்றை எடுத்தாள்.

"அன்னிக்கி நான் உனக்காக பயப்படலடி. நீ மாட்டிக்கணும்னுதான் பாத்துகினு இருந்தேன்."

கஸ்தூரி கையை எடுத்து மறுபடி சேற்றுக்குள் விட்டாள். "தெரியும்க்கா" என்றாள்.

"இன்னா தெரியும் உனக்கு?"

"நீ மாமாகிட்ட கோயில் பெருக்கினது யாருன்னு சொன்னல்ல, அன்னிக்கி மரத்துக்கு அந்தாண்ட புள்ளத் துணி காயப்போட்டுகினு இருந்தேன்."

நாகம்மாள் நிமிர்ந்தாள். "தெரிஞ்சுமா எனக்காக ஊர் முன்னாடி பொய் சொன்ன?"

"நீ இல்லாத நாளெல்லாம் தண்ணில எனக்குக் கை நடுங்கிகினே இருந்துச்சுக்கா. பீரங்கிக்கு நீ அசைய மாட்ட. உன் பக்கத்துல நின்னா எனக்கு நடுங்காது. கட்டிவந்த நாள்லேர்ந்து அதுக்குத்தான உன்ன ஒட்டிகினு நிக்கிறேன்." சொல்லிக்கொண்டே ஒரு இறாலை எடுத்துத் தன் பறியில் போட்டாள்.

இடத்தைத் திருட வருகிறாள் என்று நாகம்மாள் வயிறெரிந்த வருஷங்கள் அத்தனையும் கஸ்தூரி தன் பயத்துக்குத் துணை தேடி நின்ற வருஷங்கள். நாகம்மாள் கயிற்றைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். இதை மனசில் வைத்துக்கொண்டு இத்தனை காலம் கஸ்தூரி மூன்று வேளையும் சாப்பிட்டாள், படுத்ததும் தூங்கினாள், பிள்ளையை வளர்த்தாள், நாகம்மாளைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தாள். அது அவளால் எப்படி முடிந்தது என்று நினைக்க நினைக்க நாகம்மாளுக்குப் பொறாமையாக இருந்தது.